இரவுப் பணியும் மனச்சோர்வும்: களைத்திருப்பது உடலா, மனமா?

விடியல்காரி (தொடக்கப் பதிவு)

பொது மருத்துவ வார்டில் 9 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். காலை, மாலை, இரவு என மூன்று ஷிப்ட்டுகளும் மாறி மாறி வரும். இரவு வந்தால் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இரவுகள் தொடர்ந்து வரும். இதுவரை அதைப் பெரிய பாரமாக நினைத்ததில்லை. கடந்த மாதம் நடந்த ஒன்றுதான் என்னை இங்கே எழுத வைத்திருக்கிறது.

மூன்றாவது இரவு, அதிகாலை 4:20. ஒரு நோயாளிக்கு அடுத்துப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்து, சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் ஒட்டினேன். லேபிளில் இருந்த பெயரையும் படுக்கை எண்ணையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டடி நடந்ததும் சரியாகத்தான் பார்த்தேனா என்ற ஐயம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது எழுத்துகள் கண்ணில் பட்டன, பொருள் மட்டும் உள்ளே ஏறவில்லை. உடன் பணியிலிருந்த சிஸ்டரை அழைத்துச் சரிபார்க்கச் சொல்லி மருந்தைப் போட்டேன். பிறகு மருந்து அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் பணியை ஒப்படைக்கும்போது எதையும் சொல்லாமல் விடவும் இல்லை.

அன்று முதல் விடுப்பு நாளிலும் மனம் ஒட்டவில்லை. குழந்தை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வரும்போது, கேட்பதற்கு முன்பே எரிச்சல் வருகிறது. இரவுப் பணி முடிந்து வந்தால் நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்பதில்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "நைட் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார்.

என் கேள்வி இதுதான். இது நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் களைப்பா, மருத்துவரைப் பார்க்க வேண்டிய மனச்சோர்வா? இதை நீங்கள் எப்படிப் பிரித்து அறிந்தீர்கள்?

ஐ.சி.யூ. சிஸ்டர்

நீங்கள் குறிப்பிட்ட நேரத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த 4:20 தற்செயலானது அல்ல. பகலில் விழித்து இரவில் உறங்கிப் பழகிய உடலில் வெப்பநிலை மிகவும் தாழ்ந்திருப்பதும், கவனம் மிகவும் மங்கியிருப்பதும் ஏறத்தாழ அதிகாலை 4 மணியிலிருந்து 5 மணி வரையிலான நேரத்தில்தான். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு தொகுதி இந்தக் கடிகாரத்தை நடத்துகிறது. அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். டியூட்டி அட்டவணையைப் பார்த்து அல்ல. மூன்று இரவுகள் விழித்திருப்பதால் அது இரவுக்கு மாறிவிடாது, அதிலும் காலையில் வீடு திரும்பும்போது முகத்தில் படும் வெயில் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். வீட்டுக்கு வந்து படுக்கும்போது உடல் விழித்தெழும் நேரத்தில் இருப்பதால்தான் உங்கள் தூக்கம் நான்கு, ஐந்து மணி நேரத்தில் கலைகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறன் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டி ஓட்டச் சட்டம் இடம் தராது. முந்தைய நாள் காலை 11 மணிக்கு விழித்து, பணிக்கு முன் கண்ணயராமல் வந்தவருக்கு அதிகாலை 4 மணி என்பது 17-ஆவது மணி நேரம். அந்த நிலையில் நீங்கள் உங்கள் கண்ணை நம்பாமல் உடன் இருந்தவரை அழைத்தீர்கள். ஒரு செவிலியர் செய்யக்கூடிய மிகச் சரியான செயல் அதுதான், அதற்காக உங்களை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் விடுப்பு நாளிலும் தொடரும் எரிச்சலை உடல் கடிகாரத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட எனக்குத் துணிவில்லை. அதை மனநலப் பிரிவில் இருப்பவர்கள் சொல்வதே முறை.

மனநலப் பிரிவுச் செவிலி

சொல்கிறேன். இந்தக் கேள்வியை எங்கள் பிரிவுக்கு வரும் செவிலியர்கள் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் மிகவும் தாமதமாகக் கேட்கிறார்கள்.

மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 10-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிப்போம். இப்போது கேள்விகளைக் கவனியுங்கள்: தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கைப் பற்றியும் அதில் கேள்விகள் உண்டு. தொடர்ந்து இரவுப் பணி பார்க்கும் ஒருவர் மனம் முழு நலத்தோடு இருந்தாலும் இந்த நான்கிலேயே 12 மதிப்பெண் வரை வாங்கிவிடலாம். எனவே மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்தால், வெறும் தூக்கக் குறைவை மனச்சோர்வு என்று சொல்லிவிடுவோம். இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகம் நடக்கிறது. நைட் டியூட்டி என்றால் இப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி, உண்மையான மனச்சோர்வை மாதக்கணக்கில் வளர விட்டுவிடுகிறோம்.

அதனால் நான் மற்றக் கேள்விகளை அழுத்திக் கேட்பேன். முன்பு பிடித்திருந்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? தன்னைப் பற்றிய எண்ணம் எப்படி இருக்கிறது, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றுகிறதா? வாழ்வதில் பொருளில்லை என்ற நினைப்பு ஒருமுறையேனும் வந்ததா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால் அடுத்த விடுப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்பேன்: கடைசியாக ஒரு வாரம் தொடர்ந்து விடுப்பு எடுத்து இரவில் உறங்கியபோது எப்படி இருந்தீர்கள்? நான்காம், ஐந்தாம் நாளில் சிரிப்பும் பசியும் திரும்பியிருந்தால், பெரும்பகுதி அட்டவணையின் வேலை என்று கொள்ளலாம். ஒரு வாரம் உறங்கியும் மனம் அப்படியே கிடந்தால், அல்லது தாழ்ந்த மனநிலை நாள்தோறும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதற்குப் பெயர் களைப்பு இல்லை. பணிநேரத்தால் தூக்கம் குலைவதே ஒரு நோயாக முற்றுவதும் உண்டு; அதை உறுதி செய்ய, மூன்று மாதம் நீடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, குறைந்தது 14 நாள் தூக்கக் குறிப்பும் கேட்பார்கள். இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்த ஷிப்ட், அன்று மனம் எப்படி இருந்தது. மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

இரண்டு எச்சரிக்கைகள். வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் தூக்க மாத்திரையைத் தாமே எடுத்துப் போட்டுக்கொள்வது நம் தொழிலின் பெரிய ஆபத்து. ஒரு மாத்திரையில் தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய் இருந்தால், இரவுப் பணிக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தூக்கம் கெடுவது அந்நோயில் அதீத எழுச்சி நிலையைத் தூண்டக்கூடியது.

அட்டவணை எழுதுபவர்

நான் அந்த இன்சார்ஜ் சிஸ்டரின் இடத்தில் இருப்பவள். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று நானும் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று எனக்குப் புரிந்த விதத்தை இங்கே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் பணி மாற்றம் கேட்டு எழுதிய கடிதத்தில் மனநலம் என்ற சொல்லே இல்லை. கடந்த மூன்று மாத அட்டவணையைக் கையால் பிரதி எடுத்து, மாலை ஷிப்ட் முடிந்த மறுநாளே காலை ஷிப்ட் வந்த நாள்களை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டு இணைத்திருந்தார். தாளில் ஒரே சிவப்பு. மாலைப் பணி இரவு 9 மணிக்கு முடிகிறது. ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் கூடுதலாகும். காலைப் பணி 7 மணிக்கு. இடையில் போகவர, குளிக்க, சாப்பிட, வீட்டு வேலை பார்க்க என்று கழித்துப் பார்த்தால் தூங்குவதற்கு ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அதிகம். இரவுப் பணியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நான், இந்த இடைவெளியைக் கணக்கிலேயே எடுக்காமல் இருந்திருக்கிறேன். இரவு பார்ப்பவருக்குப் பகல் முழுதும் தூங்க நேரமாவது உண்டு. மாலையிலிருந்து காலைக்குத் தாவுபவருக்கு அதுவும் இல்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் செவிலியர்களுக்கென்றே 149-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனுடன் வந்த 157-ஆம் பரிந்துரை, இரண்டு ஷிப்ட்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது. இத்தனை ஆண்டுகளில் அதைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் தேடிப் படித்ததில்லை.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். மாலைக்கு அடுத்து காலை போடுவதில்லை. சுழற்சி எப்போதும் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கியே போகும், ஏனென்றால் மனிதரின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது முன்கூட்டியே தூங்குவதைவிட எளிது. கடைசி இரவு முடிந்து வரும் நாளை விடுப்பாகக் கணக்கிடுவதில்லை. அது தூங்கும் நாள், விடுப்பு அடுத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அட்டவணையை நான்கு வாரம் முன்னதாகவே ஒட்டிவிடுகிறேன். இவற்றில் எதற்கும் ஓர் ஆள் கூடுதலாகத் தேவைப்படவில்லை.

ஆள் பற்றாக்குறை என்ற மறுப்பு வரும் என்று தெரியும். அதை மறைக்கவும் மாட்டேன். 2002-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வில், ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் பணியில் எரிந்து தீரும் (பர்ன்அவுட்) வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்வதாகக் கண்டார்கள். ஆள் எண்ணிக்கையைக் கூட்டும் அதிகாரம் என் கையில் இல்லை. வரிசையை மாற்றும் பேனா இருந்தது, அதை இத்தனை காலம் தவறாகப் பிடித்திருந்தேன்.

நிரந்தர இரவு

இரவுப் பணியே நோய் என்பதுபோல் இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக நான் இரவு மட்டுமே பார்க்கிறேன், நானே கேட்டு வாங்கியது. சுழற்சியில் இருந்தபோது எனக்கு இருந்த படபடப்பு இப்போது இல்லை. விடுப்பு நாளிலும் படுக்கும் நேரத்தை முழுதாக மாற்றுவதில்லை. அதிகாலை 4 மணிக்குப் படுத்து முற்பகல் 11 மணிக்கு எழுகிறேன். இது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லவில்லை. ஆனால் நானே தேர்ந்தெடுத்தது என்பதே பாதி மருந்து என்பது என் அனுபவம். அட்டவணையில் தன் சொல்லுக்கு இடம் இருக்கிறதா, இல்லையா என்பதை யாரும் மேலே கேட்கவில்லை.

12 மணி நேரக்காரர்

எங்கள் மருத்துவமனையில் 12 மணி நேர ஷிப்ட். வாரத்தில் மூன்று நாள் பணி, நான்கு நாள் வீடு. ஒப்படைப்பும் ஒன்று குறைகிறது. மனநலத்துக்கு இதுவே நல்லது என்று பலர் விரும்புகிறார்கள், நானும் விரும்புகிறேன்.

ஐ.சி.யூ. சிஸ்டர்

விருப்பத்தை மதிக்கிறேன், ஆனால் விரும்புவதும் தாங்குவதும் வேறு. 393 செவிலியர்கள் தங்கள் பணி நேரத்தை நாள்தோறும் குறித்துக்கொடுத்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், ஷிப்ட் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொட்டபோது தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கானது. 12 நாடுகளைச் சேர்ந்த 31,627 செவிலியர்களிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வும், 12 மணி நேரமும் அதற்கு மேலும் பணிபுரிபவர்களிடம் மனம் வறண்டுபோகும் நிலை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நடைமுறையில் 12 மணி நேர ஷிப்ட் 12 மணி நேரத்தோடு முடிவதும் இல்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். நான்கு நாள் வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். அதில் முதல் நாள் எங்கே போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

12 மணி நேரக்காரர்

முதல் நாள் தூக்கத்தில் போகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

செவிலியின் கணவர்

நான் மருத்துவத் துறையில் இல்லை. என் மனைவி 11 ஆண்டுகளாகச் செவிலியர். அவர் பகலில் உறங்குவதை நான் நீண்ட காலம் ஓய்வாகவே நினைத்தேன். 'வீட்டில்தானே இருக்கிறாய்' என்று ஏதாவது ஒரு வேலைக்காகப் பிற்பகல் ஒரு மணிக்கு எழுப்புவேன். இரவு ஒரு மணிக்கு என்னை அவர் அப்படி எழுப்பியதில்லை என்பது ஒரு நாள்தான் உறைத்தது. இப்போது ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கிறோம், அழைப்பு மணியின் இணைப்பை எடுத்துவிட்டோம், அவர் போன் என்னிடம் இருக்கும். தொடர் இரவின் கடைசிக் காலை அவர் வண்டி ஓட்டுவதில்லை, நான் போய் அழைத்து வருகிறேன். ஒருமுறை சிக்னலில் நின்றபோது கண் சொருகிப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து எழுப்பியதை அவர் என்னிடம் சொல்லவே ஒரு மாதம் ஆனது. இந்த இழையைப் படிக்கும் குடும்பத்தினரிடம் நான் கேட்பது ஒன்றே: அவர்கள் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

திரும்பி வந்தவள்

தொடக்கப் பதிவை நான்கு முறை படித்துவிட்டேன். மருந்து அறை ஸ்டூல் எனக்குத் தெரிந்த இடம்.

எனக்கு வந்தது களைப்பு இல்லை, மனச்சோர்வு நோய்தான். ஆனால் எட்டு மாதம் களைப்பு என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பணியில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் பணியில் நான் முன்னைவிடக் கச்சிதமாக இருந்தேன். ஒவ்வொரு மருந்தையும் மூன்று முறை பார்ப்பேன், ஒவ்வொரு சார்ட்டையும் ஒரு கட்டம் விடாமல் நிரப்புவேன். மற்றவர்கள் அதைப் பொறுப்பு என்று பாராட்டினார்கள். உள்ளே இருந்தது அச்சம். ஒரு நோயாளி இறந்த இரவில் அவர் மகள் என் தோளில் சாய்ந்து அழுதபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. மணி என்ன, சவக்கிடங்குக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, எனக்கு எதுவும் தோன்றவில்லையே என்பதுதான் என்னை உடைத்தது.

மருத்துவரிடம் போகாததற்குக் காரணம், போனால் தெரிந்துவிடும் என்ற பயம். மருந்து சாப்பிடும் செவிலியரை நம்பி வார்டை விடுவார்களா, 'அது ஒரு மாதிரி' என்று பேசுவார்களா என்ற பயம். நோயாளிகளின் மனநோயைக் குறித்துக் குறை சொல்லக் கூடாது என்று மாணவிகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதே கனிவை எனக்கு நான் காட்டவில்லை. இரவுப் பணியைக் குறித்த, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டின் 171-ஆம் உடன்படிக்கையைப் பின்னர்தான் படித்தேன். இரவுப் பணியாளருக்குக் கட்டணமில்லா உடல்நல மதிப்பீடு வேண்டும், இரவுப் பணிக்குத் தகுதியில்லை என்ற முடிவைத் தவிர அதில் உள்ள எதையும் அவர் ஒப்புதல் இல்லாமல் பிறருக்குச் சொல்லக் கூடாது, அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் கூடாது, இயன்றவரை அவருக்குத் தகுந்த வேறு பணி தர வேண்டும் என்று அது சொல்கிறது. அதை ஏற்று ஒப்பமிட்ட நாடுகள் மிகச் சிலவே. ஆயினும் நான் வெட்கப்பட்டு மறைத்த ஒன்றை, உலகம் ஒரு தொழிலாளியின் உரிமையாக எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொல்லில் அடக்க முடியாது.

சிகிச்சைக்குப் பிறகு முதல் மூன்று மாதம் இரவுப் பணி இல்லாமல் இருந்தேன். மருந்தோடு, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் எடுத்தேன். இப்போது மாதத்தில் நான்கு இரவுகள் பார்க்கிறேன். மீண்டும் ஒரு நோயாளியின் மகள் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது. அன்று நான் குணமாகிவிட்டேன் என்று எண்ணினேன்.

விடியல்காரி சிஸ்டர், உங்களுக்கு இருப்பது நோயா, இல்லையா என்று நான் சொல்லக் கூடாது. குழந்தை பேச வரும்போது எரிச்சல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அங்கேதான் தொடங்கியது.

மனநலப் பிரிவுச் செவிலி

மேலே எழுதியவர் சொன்ன 'எதுவும் தோன்றவில்லை' என்பதைப் பற்றி ஒரு வரி. உலக சுகாதார அமைப்பு தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பணியால் எரிந்து தீரும் நிலையை நோயாக அன்றிப் பணி சார்ந்த நிலையாகவே வைத்திருக்கிறது. அதன் மூன்று கூறுகள் ஆற்றல் வற்றிப்போவது, பணியிலிருந்து மனம் விலகிப்போவது, தன் திறமையில் நம்பிக்கை குறைவது. இந்த நிலை பணியைச் சுற்றியே நிற்கும். மனச்சோர்வு அப்படி நிற்காது, வீட்டுக்குள்ளும் வரும், பிடித்தவர்களையும் தொடும். ஒன்று மற்றொன்றாக மாறும் எல்லையில் நிற்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு தாமாகத் தெரியாது. அதனால்தான் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்கிறோம்.

விடியல்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிவையும் இரவுப் பணியின் இடைவேளையில் படித்தேன்.

நோட்டு எழுதினேன். 14 நாள்களில் ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்கியது மூன்றே நாள். என் மனம் மிகவும் மோசம் என்று குறித்திருந்த நான்கு நாள்களில் இரண்டு, மாலையிலிருந்து காலைக்குத் தாவிய நாள்கள். இரவுப் பணியின் நாள்கள் அல்ல. மீதி இரண்டும் விடுப்பு நாள்கள், அவற்றுக்கு எந்த ஷிப்ட்டையும் காரணம் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டுக்காகத்தான் மருத்துவரிடம் போனேன்.

அவர் நோட்டை முழுதாகப் படித்தார். தொடக்க நிலை மனச்சோர்வு இருக்கிறது, தூக்கம் அதை வளர்க்கிறது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். இப்போதைக்கு மருந்து இல்லை. வாரம் ஒருமுறை பேச்சுச் சிகிச்சை, ஆறு வாரத்துக்கு இரவுப் பணி வேண்டாம் என்று சான்று. அதை எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போகும்போது கை நடுங்கியது. நோட்டையும் நீட்டினேன். அவர் சான்றைவிட நோட்டைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அந்த மாத அட்டவணையை எடுத்து விரித்து, "மாலைக்கு அடுத்து காலை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன் என்று நீயே எண்ணிச் சொல்" என்றார். இருவரும் உட்கார்ந்து எண்ணினோம்.

அடுத்த மாத அட்டவணை நேற்று ஒட்டப்பட்டது. அதில் அப்படிப்பட்ட தாவல் இன்னும் இரண்டு பேருக்கு இருக்கிறது. அவர்களிடம் இந்த இழையைக் காட்டியிருக்கிறேன்.